எத்தனை கைக்கு வேலை?

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 விநாடி. நாட்டுப்பண்ணுக்கு 52 விநாடி. இரண்டையும் சேர்த்தாலும் இரண்டு நிமிடம் தேறாது. கொடி வணக்கம், உறுதிமொழி, ஒரு குறள், அதற்குப் பொருள், நாலு செய்தி, ஒரு பொன்மொழி என்று எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தால்கூடக் கால்மணி நேரத்தில் பிள்ளைகள் வகுப்புக்குப் போய்விடலாம். ஆனாலும் பல பள்ளிகளில் திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டம் அரைமணியைத் தாண்டிவிடும். மிச்ச நேரத்தைத் தின்பது யார் என்று உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டால் சொல்வார். விசில் அவர் கையில் இருக்கும். மைக் அவர் கையில் இருக்காது.

நான் விசில் வைத்திருந்தவன். சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், கரிசல்காட்டில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஆறு முதல் பத்து வரை வகுப்புகள். பிள்ளைகளுக்கு நான் ‘பி.டி. சார்’, ஊர்ப் பெரியவர்களுக்கு ‘டிரில் வாத்தியார்’. கால அட்டவணையில் விளையாட்டுதான் என் வேலை. ஆனால் வரிசை நிறுத்துவது, கொடி கட்டுவது, மைக் செட் சரிபார்ப்பது, பந்தல்காரரிடம் பேரம் பேசுவது, ஆண்டு விழாவில் கூட்டத்தை அடக்குவது எல்லாம் என் தலையில்தான் விடியும். பாடம் நடத்துகிறவர்கள் பள்ளியை வகுப்பு வகுப்பாகப் பார்க்கிறார்கள். மொத்தப் பள்ளியையும் ஒரே பார்வையில் தினமும் பார்க்கிற வாய்ப்பு வரிசை நிறுத்துகிறவனுக்குத்தான்.

வரிசை நிறுத்துவதில் முதலில் பார்க்க வேண்டியது வெயில். கட்டடம் கிழக்கு பார்த்து இருந்தால், அதைப் பார்த்து நிற்கிற பிள்ளைகளுக்குக் காலை வெயில் முதுகில் விழும், பிழைத்தார்கள். எங்கள் கட்டடம் மேற்கு பார்த்தது. பிள்ளைகள் சூரியனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளையைப் பார்த்து ‘முகத்தை ஏன் அப்படி வச்சிருக்க?’ என்று மேடையிலிருந்து அதட்டுவார்கள். மேடையில் நிற்பவர்களுக்குத்தான் வெயில் முதுகுப் பக்கம் ஆயிற்றே. வரிசைகளைத் தெற்கு பார்க்கத் திருப்பி, வேப்பமர நிழல் ஆறாம் வகுப்பின் மேல் விழுகிற மாதிரி நிறுத்த எனக்கு மூன்று தலைமையாசிரியர்களின் காலம் பிடித்தது. கொடிக்கம்பம் நேர் எதிரே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். கம்பத்தைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டும் கொடியை வணங்கலாம் என்பது என் வாதம்.

அடுத்தது மயக்கம். திங்கட்கிழமைகளில் ஒரு பிள்ளையாவது சரிந்து விழும். பாதிக் காரணம் நிற்கிற முறை. ‘விறைப்பாய் நில்’ என்று கத்தினால் பிள்ளைகள் முழங்காலை இறுக்கிப் பூட்டிக்கொள்வார்கள். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் காலில் தேங்கும் ரத்தம் மேலே ஏறும். அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி, தலைக்குப் போவது குறைந்து, கண் இருட்டிக்கொண்டு வரும். அதனால் அட்டென்ஷனில் நிற்கும்போதும் செருப்புக்குள்ளே கால்விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கச் சொல்லிக்கொடுத்தேன். பார்க்கிறவருக்குத் தெரியாது, பிள்ளை விழாது. விழுந்தால் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். சுற்றி நின்று வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதை டீச்சர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது சுலபமாக இருந்தது.

மீதிக் காரணம் வயிறு. எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியற்காலையிலேயே ஊருக்குள் வந்து தாய்மார்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். முந்தின நாள் சோறு இருந்தால் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. எங்கள் பள்ளி ஆறில் ஆரம்பிக்கிறது. போன வருடம் தொடக்கப் பள்ளியில் காலையில் உப்புமா சாப்பிட்ட பிள்ளை, இந்த வருடம் எங்கள் வரிசையில் வெறும் வயிற்றோடு நிற்கும். மதியச் சத்துணவு மணி அடிக்கும்வரை அதுதான் கதி. இது தெரிந்த பிறகு நீளமாகப் பேசுகிறவர்கள்மேல் எனக்கு வந்தது வெறும் சலிப்பு இல்லை, கோபம்.

2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையில் எனக்குப் பிடித்த இடங்கள் இரண்டு. இசைத்தட்டைப் போட்டுவிடாமல் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு வாய்ப்பாட்டாகப் பாடவைக்க வேண்டும் என்றது. எழுந்து நிற்பதிலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு அளித்தது. அதற்கு முன்பே காலில் காலிப்பர் போட்ட ஒரு பையனுக்கு வரிசையில் ஸ்டூல் போட்டோம். சிலர் முகம் சுளித்தார்கள். ஆணை வந்த பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. சில நல்ல காரியங்களுக்கு ஒரு தாள் தேவைப்படுகிறது.

இனி தலைப்புக்கு வருகிறேன். ஒரு சுதந்திர தினம் முடிந்து, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஆசிரியர்கள் எல்லாம் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். விழா நன்றாக நடந்தது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். புதிதாக வந்த தலைமையாசிரியை டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “சார், இன்னிக்கு எத்தனை பிள்ளைங்களுக்கு வேலை இருந்துச்சு?” என்றார். எண்ணிப் பார்த்தோம். பாடியவர்கள், பேசியவர்கள், நடனம் ஆடியவர்கள், மிட்டாய்த் தட்டு பிடித்தவர்கள் என்று எல்லோரையும் சேர்த்தாலும் முப்பதைத் தொடவில்லை. பள்ளியில் நானூறு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைவு. “அப்ப மத்தவங்கள்லாம் எதுக்கு வந்தாங்க?” என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார். அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கினேன். எல்லா வகுப்பு வருகைப் பட்டியலையும் அதில் எழுதி, எந்த நிகழ்ச்சியில் யாருக்கு என்ன வேலை என்று பெயருக்கு நேரே டிக் அடிக்க ஆரம்பித்தேன்.

வேலையைக் கூட்ட வேண்டுமானால் வேலையைப் பிரிக்க வேண்டும். கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டையில் ஆகஸ்ட் 15 அன்று கொடியைக் கீழிருந்து ஏற்றுவார்கள். ஜனவரி 26 அன்று டெல்லியில் மேலே கட்டிவைத்த கொடியை அவிழ்த்துப் பறக்கவிடுவார்கள். எங்களைப் போன்ற பள்ளிகளில் இரண்டு நாளும் ஒன்றுதான்: இதழ்களை உள்ளே வைத்து மடித்து, சுருக்கு முடிச்சுப் போட்டு மேலே ஏற்றிவிடுவது, விருந்தினர் கயிற்றை இழுத்ததும் மலர் கொட்ட விரிவது. இழுத்து விரியவில்லை என்றால் அந்த வருடம் முழுக்க ஊரில் அதுதான் பேச்சு. முந்தின இரவே கட்டிவைத்தால் பனியில் நனைந்து பருத்திக் கயிறு இறுகிவிடும். காலை ஏழு மணிக்குத்தான் கட்ட வேண்டும். தண்ணீர் தெளித்த இதழ் துணியோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்த கேந்தி இதழ்தான் சரி. இதை ஒவ்வொரு ஆண்டும் நானே செய்துவந்தேன். நோட்டு வந்த பிறகு ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் மடித்தார்கள், ஒருத்தி முடிச்சுப் போட்டாள், காவி மேலே இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஒரு பையன், இதழ் உதிர்க்க நாலு பேர், கம்பத்தடியைக் கூட்டிக் கோலம் போட ஆறு பேர், கயிறு தேய்ந்திருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே சொல்ல ஒருவன். ஒரே கொடிக்கு ஒரு வகுப்பில் பாதிக்கு வேலை வந்துவிட்டது.

உறுதிமொழிகள் இந்த வகையில் ஒரு புதையல். தினமும் சொல்கிற உறுதிமொழி, பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் 1962-இல் தெலுங்கில் எழுதியது. அது போக, நாள்காட்டி முழுக்க வேறு உறுதிமொழிகள். ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு, ஜூன் 26 போதைப்பொருள் எதிர்ப்பு, செப்டம்பர் 17 சமூக நீதி நாள், அக்டோபர் 31 தேசிய ஒற்றுமை, நவம்பர் 26 அரசியலமைப்பு, ஜனவரி 25 வாக்காளர் நாள், ஜனவரி 30 தீண்டாமை ஒழிப்பு. சுற்றறிக்கை வரும், கை நீட்டுவோம், போட்டோ எடுத்து அனுப்புவோம். யார் படித்துச் சொல்கிறார் என்பதை ஒவ்வொரு முறையும் மாற்றினால் ஒவ்வொன்றும் ஒரு பிள்ளைக்கு மேடை. ஜூன் 12 மட்டும் எங்கள் ஊரில் வாயளவில் போகாது. இந்தப் பிள்ளைகளின் தாய்மார்களில் பலர் சின்ன வயதில் படிப்பை விட்டுவிட்டுத் தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டியவர்கள். ஒரு வருடம் அவர்களில் ஒருவரையே வந்து படிக்கச் சொல்லிக் கேட்டோம். “எனக்கு எழுத்துக் கூட்டித்தான் சார் படிக்க வரும்” என்றார். வரிக்கு வரி மகள் சொல்லிக்கொடுக்க, அவர் சொன்னார். பள்ளியே திரும்பச் சொன்னது. அதைவிட மெதுவாக எங்கள் பள்ளியில் ஓர் உறுதிமொழி எடுக்கப்பட்டதில்லை.

ஆனால் என் சொந்த ராஜ்யம் விளையாட்டு விழா. கரிசல் மண் ஐப்பசி மழையில் செருப்போடு சேர்த்துக் காலை இழுக்கும். கோடையில் விரல் நுழைகிற அளவு வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில், தை மாசிதான் ஓடத் தோதான காலம். அரையாண்டு முடிந்து, பத்தாம் வகுப்பைப் பொதுத்தேர்வு முழுசாக விழுங்குவதற்கு முன்னால் கிடைக்கிற சிறு இடைவெளி. ஓடுதளத்தில் செம்மண் கொட்டிச் சமன்செய்து, சுண்ணாம்புத் தூளை ஓட்டை போட்ட டின்னில் அடைத்துக் கோடு போடுவோம். மூலை நேராக வர, கயிற்றில் மூன்று, நாலு, ஐந்து மீட்டருக்கு முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் போதும். கணக்குப் புத்தகத்தில் பிதாகரஸைப் பார்த்துக் கொட்டாவி விட்டவன், மைதானத்தில் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு “சார், இன்னும் ஒரு இஞ்சு தெக்க!” என்று கத்துவான்.

அதைவிட ருசியானது ஸ்டாகர் கணக்கு. முழுச் சுற்று ஓடும் பந்தயத்தில் வெளிப்பாதையில் ஓடுகிறவனுக்கு வளைவில் தூரம் கூடும். அதனால் அவனை முன்தள்ளி நிறுத்துகிறோம். சர்வதேச 400 மீட்டர் ஓடுதளத்தில் பாதையின் அகலம் 1.22 மீட்டர். இரண்டாம் பாதைக்காரன் 7.04 மீட்டர் முன்னால் நிற்பான், அதற்குப் பிறகு ஒவ்வொரு பாதைக்கும் 7.67 மீட்டர் கூடும். முதல் பாதையை மட்டும் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியும், மற்றவற்றைக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியும் அளப்பதால் அந்த வித்தியாசம். எங்களுடையது 200 மீட்டர் தளம், விளிம்புக்கட்டை கிடையாது, பாதை அகலம் 1 மீட்டர். எல்லாப் பாதைக்கும் ஒரே கணக்கு: அகலத்தை 2π-ஆல் பெருக்கினால் 6.28 மீட்டர். இதில் வேடிக்கை என்னவென்றால், வளைவு எவ்வளவு பெரியது என்பது கணக்கிலேயே வராது. சின்ன மைதானமானாலும் பெரிய மைதானமானாலும் 1 மீட்டர் அகலத்துக்கு 6.28 தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை நம்ப மறுத்தார்கள். ‘பெரிய வட்டம்னா பெருசாத்தானே சார் வரும்?’ என்று ஒருத்தி விடவே இல்லை. கயிறு பிடித்து ஒரு சின்ன வட்டமும் பெரிய வட்டமும் போட்டு, ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு மீட்டர் தள்ளி இன்னொரு வட்டம் போட்டு, நாலையும் அளந்து கழித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டாள். போர்ஷன் முடியவில்லை என்று வருடம் பூராவும் என் பீரியடைக் கடன் வாங்குகிற கணக்கு டீச்சர், அந்த வாரம் தன் பீரியடை எனக்குக் கொடுத்தார். உடற்கல்வி ஆசிரியர் எவரும் இதை வரலாற்றில் எழுதி வைப்பார்.

பந்தயம் தொடங்கும்போது ஊர்க்காரர்களின் சத்தம் வரும். “ஏ சார், எங்க புள்ளைய மட்டும் பின்னால நிப்பாட்டியிருக்கீக! அந்தப் பய மொதல்லயே பாதி தூரம் போயிட்டான்!” இதற்குப் பதில் சொல்வதற்கென்றே கூட்டத்துக்குள் இரண்டு பேரை நிறுத்தினோம், கையில் அட்டையில் வரைந்த ஓடுதளப் படத்தோடு. வட்டம் போட்டு நம்பிய அந்தப் பெண்தான் ஒருத்தி. அவள் விளக்கியதில் பெரியவர்களுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. சண்டை மட்டும் நின்றது.

1500 மீட்டர் ஓட்டம் எங்கள் தளத்தில் ஏழரைச் சுற்று. எதிர்ப்பக்கத்திலிருந்து கிளப்ப வேண்டும். சுற்று எண்ணுவது ஓடுவதைவிடக் கடினம். முந்தினவன் பிந்தினவனை ஒரு சுற்றுத் தாண்டிவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். ஓடுகிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணுபவர், கையில் சீட்டு, பென்சில். கடைசிச் சுற்றுக்குத் தண்டவாளத் துண்டில் மணி. கிளாப்பர் அடிக்க ஒருவன், முதல் இடம் பார்க்க ஒருத்தி, இரண்டாம் இடம் பார்க்க வேறொருத்தி, ரிப்பன் பிடிக்க இரண்டு பேர், குண்டு விழுந்த இடத்தில் கொடி குத்த ஒருவன், மணலைச் சமன்செய்ய மண்வெட்டியோடு மூன்று பேர். வேகமாக ஓடுகிறவனைக் குறுவட்டப் போட்டி, பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி என்று அரசே தேடிக் கண்டுபிடித்துவிடும். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவனைத் தேட யாரும் இல்லை. அவன் என் கணக்கு. பரிசு எவர்சில்வர் தட்டு, டிபன் பாக்ஸ். வேலை செய்தவர்களுக்கும் ஒரு டம்ளர் கொடுக்க வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன்.

ஆண்டு விழாவைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் குறைவு. சாயங்காலம் நாலு மணிக்கு ரோஸ் பவுடர் பூசி, வாடகை உடை மாட்டி உட்கார்ந்த பிள்ளை, பொன்னாடைகளும் வரவேற்புரையும் வாழ்த்துரைகளும் முடிந்து எட்டரைக்கு ஆடும். அதற்குள் பாதி அலங்காரம் வியர்வையில் போயிருக்கும். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அண்ணாச்சியிடம் பேச்சைக் குறைக்கச் சொன்னேன். “நன்கொடை குடுத்தவரைப் பேச வேண்டாம்னு நான் எப்படி சார் சொல்லுவேன்?” என்றார். நியாயம்தான். கடைசியில் வழி கண்டோம்: இரண்டு நடனத்துக்கு நடுவில் ஒரு பேச்சு, மேடைக்கு எதிரே ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ‘2 நிமிடம்’, ‘1 நிமிடம்’, ‘நன்றி’ என்று அட்டை காட்டும். நான் காட்டினால் கோபப்படுகிறவர்கள், பிள்ளை காட்டினால் சிரித்துக்கொண்டே முடித்தார்கள். ஒருவர் மட்டும் ‘நன்றி’ அட்டையைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளையைப் பாராட்டியே இன்னும் ஐந்து நிமிடம் பேசினார்.

வெளியாரைப் பேச அழைப்பதில் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. 2024-இல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளி மேடையில், ஊனத்தை முற்பிறவி வினையோடு முடிச்சுப் போட்டு ஒரு பேச்சாளர் பேசியதும், பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் அந்த இடத்திலேயே எழுந்து எதிர்த்துக் கேட்டதும் தெரிந்த கதை. எங்கள் ஸ்டூலில் உட்காரும் பையனை நினைத்துக்கொண்டேன். வெளியாருக்கு மைக் கொடுப்பதற்கு முன்னால் என்ன பேசப் போகிறார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

2022-23இல் வந்த கலைத் திருவிழா நல்ல காரியம். பள்ளியில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போகும். மாநில அளவில் வென்றவருக்குக் கலையரசன், கலையரசி பட்டம். களிமண் சிற்பமும் பறையும் பலகுரலும் போட்டியில் இருப்பதால், பாட்டு, பேச்சு, பரதம் மூன்றே கலை என்கிற பழைய கணக்கு உடைந்தது. எமிஸ் இணையதளத்தில் பெயர் ஏற்ற சிக்னல் தேடி மொட்டைமாடியில் நின்றதை மட்டும் மறக்க முடியவில்லை. 2024 நவம்பரில் மகிழ் முற்றம் என்ற திட்டம் வந்து பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிரித்தோம். மலையும் இல்லை, காடும் இல்லை, ஆறும் இல்லை, கடலும் இல்லை. நம்ம ஊர் இதில் எது என்று ஆறாம் வகுப்பில் பெரிய தர்க்கம். தமிழய்யாவிடம் அனுப்பிவிட்டேன்.

பங்குனியில் நோட்டைப் புரட்டுவேன். டிக் இல்லாத பெயர்களுக்கு ஒரு சாயல் உண்டு. நன்றாகப் படிக்கிறவன் பெயரும் சேட்டை செய்கிறவன் பெயரும் எல்லா ஆசிரியருக்கும் தெரியும். அவர்களுக்கு வேலை தானாக வந்துவிடும். நடுவில் இருக்கிறவர்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மணி அடித்ததும் ஓடுகிறவர்கள், தூரத்து ஊரிலிருந்து ஒரே பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்கள்தான் விட்டுப்போவார்கள். அவர்கள் பெயரைத் தனியே எழுதிவைத்து, ஜூனில் பள்ளி திறந்ததும் மணி அடிப்பது, மைக் செட்டைத் தூக்கிவருவது, செய்தித்தாளிலிருந்து நாலு செய்தி பொறுக்குவது என்று தினசரி வேலையை அவர்களுக்கு முதலில் கொடுப்பேன்.

இந்தக் கணக்கில் அடங்காதவன் ஒருவன் இருந்தான். எந்த வேலை கொடுத்தாலும் பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிட்டுவிடுவான். கூப்பிட்டுக் கேட்டேன். “எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார். நான் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றான். பயமும் இல்லை, கூச்சமும் இல்லை. விளையாட்டு விழா அன்று புளியமரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு பந்தயம் விடாமல் பார்த்தான். அடுத்த வருடமும் அப்படித்தான். தலைமையாசிரியை என் நோட்டைப் பார்த்துவிட்டு, “இந்தப் பையனுக்கு மட்டும் ரெண்டு வருஷமா காலியா இருக்கே சார்?” என்றார். பேனாவை வாங்கி, பெயருக்கு நேரே ‘பார்வையாளர்’ என்று எழுதி டிக் அடித்தேன்.